டிரங்குப் பெட்டியும் மூன்று முறை வந்த காய்ச்சலும்

கேள்வி: எனக்கு வயது 33. சொந்த ஊர் நாசரேத் பக்கம் ஒரு கிராமம். ஒன்பது வருடங்களாக ஜார்க்கண்ட் மாநிலம் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில், ராஜ்மகால் மலைமேல் ஒரு பகாடியா பழங்குடிக் கிராமத்தில் கணவரோடு ஊழியம் செய்கிறேன். முப்பது வீடுகள். சாலைக்கு வர நான்கு கிலோமீட்டர் இறங்க வேண்டும். கணவருக்கு ஏழு கிராமங்கள். வாரத்தில் இரண்டு மூன்று இரவு வீட்டில் இருக்க மாட்டார். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4. போன மழைக்காலத்திலிருந்து மகனுக்கு மூன்று முறை மலேரியா. ஒவ்வொரு முறையும் மூன்று நாள் மாத்திரையில் சரியாகிவிடும். ஆறேழு வாரத்தில் மறுபடியும் வரும். அந்த இரவுகளில் பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும் வந்து உட்கார்ந்திருப்பார். மகளை வரும் ஜூனில் ஊரில் ஹாஸ்டலில் சேர்க்க இடம் கிடைத்திருக்கிறது. டிரங்குப் பெட்டி வாங்கிவிட்டோம். அது கட்டிலுக்கு அடியில் இருப்பதால் அவள் அந்தக் கட்டிலை விட்டுத் தரையில் படுக்கிறாள். "பிள்ளைகளைக் காட்டில் வைத்துக் கெடுக்கிறாய்" என்கிறார் அத்தை. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்கிறார் கணவர். எனக்கு மாதக்கணக்கில் தூக்கம் இல்லை. தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் அழுதுவிட்டு வருகிறேன். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது சபைகளில் எல்லோரும் எங்களைப் புகழ்ந்தார்கள், வாய் திறக்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று நினைப்பது விசுவாசக் குறைவா? மகளை அனுப்பலாமா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் மகளைப் பற்றி முடிவு கேட்கிறீர்கள். நான் மகனிடமிருந்து தொடங்குகிறேன். அவனுடைய காய்ச்சலுக்கு விடை பெரும்பாலும் 14 நாளில் இருக்கிறது. அது தீர்ந்தால் உங்கள் வீட்டில் பாதி இரவுகள் திரும்பிவிடும்.

உங்கள் கடிதத்தில் "மூன்று நாள் மாத்திரை" இருக்கிறது. 14 நாள் மாத்திரையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மலேரியாவில் உங்கள் மலையில் இரண்டு வகை உண்டு. விவாக்ஸ் என்ற வகை, இரத்தத்தில் இருப்பதோடு கல்லீரலிலும் போய்ப் பதுங்கும். மூன்று நாள் குளோரோகுயின் இரத்தத்தில் இருப்பதைத்தான் அழிக்கும். கல்லீரலில் உறங்குவது சில வாரங்களிலோ மாதங்களிலோ விழித்து, புதிதாகக் கொசு கடிக்காமலேயே காய்ச்சலைக் கொண்டுவரும். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை என்று நீங்கள் எழுதியிருக்கும் கணக்கைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். பதுங்கியிருப்பதை ஒழிக்க பிரிமாகுயின் என்ற மாத்திரையை 14 நாள் விடாமல் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும் பலரும் அதை நிறுத்திவிடுகிறார்கள். பல இடங்களில் கொடுப்பதே இல்லை. பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். எந்த வகை மலேரியா என்று எழுதியிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. இந்த மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இது இரத்த அணுக்களை உடைக்கும். மாவட்ட மருத்துவமனையில் அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி, மகனின் எடையைப் பார்த்து அளவு எழுதி வாங்குங்கள். மாத்திரை தொடங்கியபின் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு இறங்குங்கள்.

இன்னொரு வகையான பால்சிபாரம் திரும்பித் திரும்பி வந்து தொல்லை கொடுப்பதைவிட ஆபத்தானது. ஒன்றிரண்டு நாளில் மூளையைத் தாக்கக்கூடியது. அதற்கு ஆர்ட்டிசுனேட் சேர்ந்த கூட்டு மருந்து வேண்டும். அதனால் காய்ச்சல் கண்ட அன்றே சோதனை செய்ய வேண்டும். "நாளை பார்க்கலாம்" என்பது உங்கள் மலையில் கூடாது. உங்கள் பகுதி சஹியாவிடம், அதாவது நம் ஊரில் ஆஷா பணியாளர் என்று சொல்கிறோமே, அவரிடம் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்கும் சோதனைப் பட்டை இருக்க வேண்டும். மருந்தும் இலவசம். அவர் அடிவாரத்தில் இருந்து மேலே வருவது அரிதென்றால் உங்கள் கணவர் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், இந்தக் கிராமத்துக்கென்று ஒரு பெட்டி கேட்கட்டும். உங்கள் மகனைக் கடிக்கும் அதே கொசுதான் அந்த முப்பது வீட்டுக் குழந்தைகளையும் கடிக்கிறது. அவர்களுக்கு ஹாஸ்டலும் இல்லை, ஊருக்குப் போக டிக்கெட்டும் இல்லை.

வலிப்பு, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, எழுப்பினாலும் கண் திறக்காத மயக்கம், உள்ளங்கை வெளுத்துப்போவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் இரவென்று பார்க்காமல் இறங்கிவிட வேண்டும். கணவர் இல்லாத இரவில் யார் தூக்குவார்? அதை அந்த இரவில் யோசிக்க முடியாது. கயிற்றுக் கட்டிலைக் கழியில் கட்டித் தூக்க இளைஞர்கள் நால்வர் யார் யார், அடிவாரத்தில் யாரிடம் வண்டி இருக்கிறது, செலவுக்கான பணம் எந்த டப்பாவில் இருக்கிறது என்பதை இந்த வாரமே பேசிவையுங்கள். 108 வண்டி சாலை வரைதான் வரும்.

இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் விடாமல் இருந்து, மலேரியா மருந்துக்கும் அடங்காமல், இடது விலாவுக்குக் கீழே வயிறு கெட்டியாக வீங்கினால் அது காலா அசார் ஆக இருக்கலாம். உங்கள் மாவட்டம் அந்த நோய்க்குப் பெயர் போனது. அதைப் பரப்பும் மணல் ஈ கொசுவைவிடச் சிறியது, ஈர மண்ணிலும் மாட்டுக் கொட்டிலிலும் பெருகும், உயரப் பறக்காது. ஆர்கே39 என்ற சோதனையில் தெரிந்துவிடும். மாவட்ட மருத்துவமனையில் ஒரே நாளில் சொட்டு மருந்தாக ஏற்றிக் குணப்படுத்துகிறார்கள்.

அதனால் தரையில் யாரும் படுக்க வேண்டாம். உங்கள் மகள் கட்டிலை விட்டுத் தரையில் படுக்கிறாள் என்று வாசித்தபோது மருத்துவராக எனக்குப் பதறியது. மணல் ஈ ஒரு காரணம். கட்டுவிரியன் இன்னொரு காரணம். அது இரவில் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் கடிக்கும், கடித்தது வலிக்கவும் வலிக்காது. மருந்து தோய்த்த கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால் கொசு, பாம்பு இரண்டுக்கும் காவல். பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றி அவளை இன்றே கட்டிலுக்குக் கொண்டுவாருங்கள்.

இனி உங்களைப் பற்றி. மாதக்கணக்கில் தூக்கமின்மை, தனிமையில் அழுகை, புகழ்ச்சியைக் கேட்டு வாய் அடைத்துப்போவது. இதை என் எதிரே உட்கார்ந்து சொல்லியிருந்தால், சாப்பாடு ருசிக்கிறதா, விடியற்காலையில் விழிப்பு வருகிறதா, இல்லாமல் போய்விட்டால் நன்று என்ற எண்ணம் எப்போதாவது வருகிறதா என்று கேட்டிருப்பேன். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. ராஞ்சியில் காங்கே என்ற இடத்தில் நாட்டின் பழைமையான மனநல மருத்துவமனைகளில் ஒன்று இருக்கிறது. இல்லை என்றாலும் அடுத்த முறை கீழே இறங்கும்போது இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவும் தைராய்டும் பாருங்கள். உங்களுக்கும் மலேரியா வந்து போயிருக்கும். சோகை இருந்தால் மனமும் எழாது. மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருந்து உண்டு, அது வேலை செய்கிறது.

விசுவாசக் குறைவா என்று கேட்டீர்கள். சூரைச்செடியின் கீழ் படுத்து, சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்கு முதலில் வந்தது அடையும் தண்ணீரும், பிறகு தூக்கம், மறுபடி அடையும் தண்ணீரும். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி நாற்பது நாள் கழித்துத்தான் வந்தது. அந்த வரிசையைத்தான் நானும் உங்களுக்குச் சொல்கிறேன்.

சபைகளில் யாரும் உங்களுக்குச் சொல்லியிராத ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் மலையிலிருந்து கங்கையைத் தாண்டினால் மால்டா. அதற்கும் வடக்கே முத்னாபதி என்ற ஊர். செராம்பூருக்குப் போகுமுன் மிஷனெரி வில்லியம் கேரி குடும்பத்தோடு வாழ்ந்த இடம் அது. அவர் மனைவி டாரதி முதலில் வர மறுத்தவர். 1793-இல் கப்பல் புறப்படச் சில வாரங்களுக்கு முன்தான் அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. சகோதரி கேத்தரின் கூட வந்தால் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு ஏறினார். வங்காளத்துக்கு வந்தபின் கேத்தரின் தமக்கென்று மணவாழ்வைத் தேர்ந்துகொண்டு வேறிடத்தில் தங்கிவிட்டார். டாரதி துணையின்றி முத்னாபதிக்குப் போனார். 1794-இல் ஐந்து வயது மகன் பீட்டர் அங்கே இறந்தான். அதன்பின் டாரதியின் மனம் கலைந்தது, திரும்பவே இல்லை. பல நாட்கள் ஓர் அறையில் பூட்டி வைக்க வேண்டியிருந்தது. 1807-இல் செராம்பூரில் இறந்தார். கேரியின் வேதாகம மொழிபெயர்ப்புகளை நாம் எண்ணிச் சொல்கிறோம். டாரதியை அவருடைய சிலுவை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். நான் வட இந்தியாவில் ஒரு மிஷன் மருத்துவமனையில் 11 ஆண்டுகள் இருந்தேன். டாரதியின் சாயலில் பணித்தளத்து மனைவிகள் ஆறேழு பேரையாவது பார்த்திருக்கிறேன். ஒருவர்கூடத் தாமாக வரவில்லை, பிள்ளையின் காய்ச்சலுக்கு வந்தவர்கள். அதனால்தான் உங்கள் கடிதத்தை நான் இவ்வளவு கவனமாக வாசிக்கிறேன்.

டாரதி கேட்டது ஒன்றுதான்: கூட ஒருத்தி. உங்களுக்கும் அது வேண்டும். உங்களை அனுப்பியிருக்கும் சங்கத்துக்கு நீங்களும் கணவரும் சேர்ந்து எழுதுங்கள். நடந்து அடையக்கூடிய தொலைவில் இன்னொரு குடும்பம், மாதம் ஒருமுறையாவது அடிவாரத்து ஊரில் பிள்ளைகளோடு இரண்டு நாள், மழைக்காலம் முடிந்து காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் கணவர் வெளியே தங்கும் இரவுகளைக் குறைப்பது. கேட்டால் ஊழியத்துக்குத் தகுதியில்லை என்று நினைப்பார்களோ என்று அஞ்ச வேண்டாம். கேட்காமல் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய குடும்பங்களைப் பார்த்தவர்கள் அவர்கள். ஜெபக்கடிதத்திலும் இதை எழுதுங்கள். "குடும்ப சுகத்துக்காக ஜெபியுங்கள்" என்ற பழக்கமான வரி யாருக்கும் எதையும் சொல்வதில்லை. "மகனுக்கு மூன்று முறை மலேரியா, எனக்குத் தூக்கம் இல்லை" என்று எழுதுங்கள். படிக்கிறவர்களுக்கும் அப்போதுதான் எதற்காக முழங்கால் படியிடுகிறோம் என்று தெரியும்.

பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் எனக்கு மிகவும் ஆறுதல் தந்த வரி அது. அவரிடம் உங்கள் துக்கத்தைச் சொல்லியிருக்கிறீர்களா? ஊழியக்காரர் ஊர்க்காரர் முன் அழக்கூடாது என்று நமக்கு யாரோ கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அந்த மலையில் காய்ச்சலுக்குப் பிள்ளையைக் கொடுக்காத பாட்டிகள் குறைவு. உங்கள் பயத்தை விளக்க வேண்டிய தேவையே இல்லாத மனிதர்கள் அவர்கள். அவர்கள் பேசும் மால்தோ நம் மொழிக்குத் தூரத்து உறவு என்பது ஒன்பது வருடத்தில் உங்களுக்கே தெரிந்திருக்கும். "நான்" அங்கே "ஏன்", "நீ" அங்கே "நீன்". கேட்பவரை விட்டுவிட்டுச் சொல்லும் "நாங்கள்" "ஏம்" ஆகிவிடுகிறது, நம் பழைய "யாம்" போல. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் "நாம்" மட்டும் அங்கேயும் "நாம்" தான். 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் நம் வெள்ளாளன்விளை அசரியா, மிஷனெரிகளைப் பார்த்து எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். கேட்டது வெள்ளைக்காரர்களிடம். இன்று அந்தப் பாட்டி உங்களிடம் அதைத்தான் கேட்காமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். உதவி செய்ய வந்தவளாக மட்டும் இருந்துவிடாமல், அவரிடம் உதவி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் பத்தி உங்கள் கணவருக்கு. தம்பி, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நீங்கள் சொன்னது பொய்யல்ல. ஆனால் உங்கள் மனைவி பயமாக இருக்கிறது என்று சொல்லும்போது அந்தப் பதில் வந்தால், பேச்சு அங்கே முடிந்துவிடுகிறது. அடுத்த முறை பதில் சொல்லாமல் கூடவே நடந்து போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்துவாருங்கள். ஊற்று எவ்வளவு கீழே இருக்கிறது, அந்த ஏற்றத்தில் இடுப்புக் குடத்தோடு அவர் என்ன நினைத்துக்கொண்டு வருகிறார் என்பதை வழியில் கேளுங்கள்.

மகளைப் பற்றி. என் கருத்து: இந்த ஜூனில் வேண்டாம். வீட்டில் தம்பிக்குக் காய்ச்சல், அம்மாவுக்கு அழுகை. இந்த நேரத்தில் மூன்று நாள் ரயில் பயணத் தூரத்துக்கு அனுப்பப்படும் எட்டு வயதுக் குழந்தை, தன்னால்தான் வீடு கஷ்டப்பட்டது, தன்னை அப்புறப்படுத்தினார்கள் என்று கணக்குப் போடும். அதை வாய்விட்டுச் சொல்லவும் சொல்லாது. என் மகனை நாங்கள் ஏழு வயதில் அனுப்பினோம். ஞாயிறுதோறும் தொலைபேசியில் நன்றாகப் பேசுவான், அழமாட்டான். தைரியமான பிள்ளை என்று ஸ்தோத்திரம் சொன்னோம். பேசி முடித்ததும் குளியலறைக்குப் போய் அழுததை 24 வயதில்தான் என்னிடம் சொன்னான். ஹாஸ்டல் நல்ல ஹாஸ்டல்தான், அவர்கள் மேல் குறை இல்லை. அவன் அழுகிறானா என்று அவனிடம் நான் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சடைக்கிறது.

ஹாஸ்டலே கூடாது என்று நான் சொல்லவில்லை. பதினொன்று பன்னிரண்டு வயதில், அந்த இடத்தை அவளே முன்பு போய்ப் பார்த்து, தெரிந்த பிள்ளை ஒன்று கூட இருந்து, "பிடிக்கவில்லை என்றால் வந்துவிடலாம்" என்ற வாக்கு உண்மையாகவே இருந்தால், நன்றாக வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். அதற்குள் உங்களுக்கு மூன்று ஆண்டு இருக்கிறது. அடிவாரத்துப் பள்ளியில் இந்தி வழியில் படிக்கட்டும்; தேவைப்பட்டால் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வித் திட்டத்தில் மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புக்கு ஈடான நிலைகள் உண்டு. தமிழ் மட்டும் நீங்கள்தான் கொடுக்க முடியும்: இரவு விளக்கணைக்குமுன் இருபது நிமிடம், ஒரு பக்கம் அவள் வாசிக்க, ஒரு பக்கம் நீங்கள். மால்தோ பேசிக்கொண்டு, இந்தி எழுதிக்கொண்டு, தமிழ் வாசிக்கும் பிள்ளையைக் கெட்டுப்போகிறது என்று சொல்ல முடியாது. மேல் வகுப்பு வரும்போது குடும்பமே சாகிப்கஞ்சுக்கோ பர்ஹர்வாவுக்கோ இறங்கி, கணவர் அங்கிருந்து மலைக்குப் போய்வருவதும் ஒரு வழிதான். எங்கே படித்தாலும், யாராவது தொட்டது பிடிக்கவில்லை என்றால் உடனே சொல்லலாம் என்பதையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அவளுக்குச் சொல்லிவையுங்கள்.

அத்தை திட்டுவது பயத்தில். அவர் அந்த மலையைப் பார்த்ததில்லை. மனத்தில் இருப்பது வெறும் காடு. குளிர்காலத்தில், காய்ச்சல் குறைந்திருக்கும் டிசம்பர் ஜனவரியில் ஒரு மாதம் வரச் சொல்லிப் பாருங்கள். அடிவாரம் வரைக்கும் வந்தாலே போதும்; பேத்தி இறங்கி வந்து அழைத்துப்போகட்டும்.

திரும்பிவிடலாமா என்ற கேள்விக்கு இப்போது நான் பதில் சொல்ல மாட்டேன், நீங்களும் தேட வேண்டாம். மகனுக்கு 14 நாள் முடிந்து, அதன்பின் மூன்று மாதம் காய்ச்சல் இல்லாமல் போய், நீங்கள் இரவில் தூங்கத் தொடங்கியபின் அந்தக் கேள்வியை எடுங்கள். அப்போதும் திரும்ப வேண்டும் என்று தோன்றினால் தலைநிமிர்ந்து திரும்புங்கள். ஒன்பது வருடம் குறைந்த காலம் இல்லை. அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள், மகனின் சோதனைச் சீட்டுகளின் நகலோடு.

கணவரும் நீங்களும் பேசி முடித்ததும், இன்றிரவே மகளிடம் சொல்லிவிடுங்கள், ஜூனில் போகவில்லை என்று. டிரங்குப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். மக்காச்சோளம் போட்டு வையுங்கள், எலிக்குத் தப்பும்.